தி.நகர் துணிக்கடைகளில் ட்ரையல் ரூம் எப்படி இருக்கிறது?

துணிக்கடையைப் பற்றி எழுதுகிறவர்கள் விலை, கலெக்‌ஷன், பார்க்கிங், ஏசி, பில் போட நின்ற க்யூ என்று எல்லாவற்றையும் எழுதிவிடுகிறார்கள், ட்ரையல் ரூமை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கு அதுதான் முதல். ரெடிமேட் துணிக்குக் கொடுக்கிற காசு உருப்படியாகுமா, பீரோவில் கிடந்து வீணாகுமா என்பது அந்த நாலடி இடத்துக்குள்தான் முடிவாகிறது. அம்மாவுக்கு, கல்லூரி படிக்கும் மகளுக்கு, எனக்கு என்று மூன்று தலைமுறைக்கும் பல வருஷமாக தி.நகரில்தான் துணி எடுக்கிறோம், மூன்று பேருக்கும் ட்ரையல் ரூமில் படுகிற பாடு வேறு வேறு, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கடைப் பெயர்களைப் போடவில்லை. ஒரே பெயரில் நாலு கிளை இருக்கிறது, ஒரு கிளையில் நன்றாக இருப்பது இன்னொன்றில் படுமோசம், ஏன், ஒரே கட்டடத்தில் லேடீஸ் மாடியில் ஒரு தரம், ஜென்ட்ஸ் மாடியில் ஒரு தரம். எந்த மாதிரிக் கடை, எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்கிறேன்.

தி.நகர் என்றாலே முதலில் புடவைதான். நல்லி அங்கே கடை போட்டது 1928இல். பட்டுப்புடவை, வேட்டி, மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற பிட்டுத் துணி என்றுதான் பனகல் பார்க் வட்டாரத்தின் துணி வியாபாரமே வளர்ந்தது. புடவைக்கு ட்ரையல் ரூம் எதற்கு? பாயில் உட்கார்ந்து பார்த்து, பிடித்ததைத் தோளில் போட்டு முந்தானையை விரித்துக் காட்டினால் முடிந்தது, ரவிக்கைக்கு அளவு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு டெய்லரிடம் போய்விடலாம். சுடிதாரும் ஜீன்ஸும் பின்னால் வந்தவை, ட்ரையல் ரூமும் அப்படியே பின்னால் செருகப்பட்டது. தூணுக்கும் சுவருக்கும் நடுவில், மாடிப்படிக்கு அடியில், லிஃப்ட் ஓரத்தில், எங்கே இடம் மிஞ்சியதோ அங்கே பலகை அடித்துக் கதவு மாட்டிவிட்டார்கள். அன்றைக்கு அது போதுமாக இருந்திருக்கலாம். இன்று அதே கடைகளில் பாதிக்குப் பாதி மாடி ரெடிமேட், ஆனால் உடுத்திப் பார்க்கிற இடம் மட்டும் இன்னும் அதே பலகை அறை என்றால் அதைச் சகித்துக்கொள்ள எனக்கு மனசில்லை.

உஸ்மான் சாலையில் நாங்கள் வழக்கமாகப் போகிற பல மாடிக் கடையையே எடுத்துக்கொள்கிறேன். துணி நன்றாக இருக்கும், விலையும் நியாயம். குர்தி மாடியில் நான்கு அறைகள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை போனால் அதில் இரண்டில் தரையிலிருந்து மேல்வரை அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறது, சரக்கு வைக்க இடமில்லையாம். வருஷத்திலேயே அதிகம் பேர் போட்டுப் பார்க்க வருகிற வாரத்தில் அறையைப் பாதியாகக் குறைத்தால் க்யூ ஏன் படிக்கட்டு வரை நிற்காது? பாதிப் பேர் காத்திருந்து பார்த்துவிட்டு, வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே பில் போடப் போய்விட்டார்கள்.

உள்ளே போனால் ஒரே ஒரு கொக்கி. கழற்றிய துணி, போட்டுப் பார்க்க வேண்டிய மூன்று குர்தி, கைப்பை, துப்பட்டா எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரு கொக்கிதான். துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, பையைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டுதான் மாற்ற வேண்டியிருக்கிறது. செருப்பை வெளியே விட்டுவிட்டு வரச் சொல்கிறார்கள், சரி, புதுத் துணி அழுக்காகாமல் இருக்கத்தானே என்று வெறுங்காலோடு போனால் தரையில் குண்டூசி. சட்டையிலிருந்தும் செட் சுடிதாரிலிருந்தும் உருவியவை, மூலையில் ஒரு சின்னக் குவியலாகவே கிடந்தன, கூடவே முடி, கிழித்துப் போட்ட விலைச்சீட்டு, ஒரு குழந்தையின் ஒற்றை சாக்ஸ். தாழ்ப்பாள் பாதி நுழைந்து நிற்கிறது, அழுத்தித் தள்ளினால் கதவே ஆடுகிறது. மகள் உள்ளே இருக்கும்போது நான் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நான் போனபோது அவள் நின்றாள். தனியாக வருகிற பெண் என்ன செய்வாள்?

அப்புறம் அந்தப் புழுக்கம். கடை முழுக்க ஏசி ஜில்லென்று இருக்கிறது, பலகை அடித்த அறைக்குள் மட்டும் காற்று வருவதில்லை. ஐப்பசிப் புழுக்கத்தில் ரேயான் குர்தியைத் தலைவழியாக இழுத்தால் முதுகில் ஒட்டிக்கொண்டு பாதியில் நிற்கிறது. வேர்வையோடு போடுகிற எந்தத் துணியும் சரியாக இருக்கிறதா என்று தெரியாது, அடுத்து அதைப் போட்டுப் பார்க்கிறவருக்கும் அருவருப்பு. மேலே ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்க என்ன ஆகிவிடும்?

இவ்வளவுக்கு நடுவிலும் அந்த மாடியில் எனக்குப் பிடித்தது வாசலில் நின்ற பெண். இருபது வயதுகூட இருக்காது, பேச்சைக் கேட்டால் தென்மாவட்டம். கையில் பிளாஸ்டிக் டோக்கன் கொத்து. “அக்கா, மூணுதான் உள்ள விடுவாங்க, மிச்சத்த எங்கிட்ட குடுங்க, நான் பாத்துக்கிடுதேன்” என்று வாங்கிக்கொண்டவள், மகள் உள்ளேயிருந்து இறுக்கமாக இருக்கிறது என்று குரல் கொடுத்ததும், யாரும் சொல்லாமலே ஓடிப்போய் அதே டிசைனில் அடுத்த சைஸை எடுத்துவந்து கதவுக்கு மேலாக நீட்டினாள். இதுதான் சர்வீஸ். பாதி உடுத்திய நிலையில் வெளியே வந்து தேட முடியாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தமே கொண்டுவந்தார்கள். கேரளா அதற்கு முன்னாலேயே, 2018இல் செய்துவிட்டது. ட்ரையல் ரூம் வாசலில் ஒரு ஸ்டூல் போட்டால் வியாபாரம் கெட்டுவிடாது, கூட்டம் இல்லாத நேரத்தில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து எழுந்தால் அந்தப் பெண் இன்னும் நன்றாகத்தான் கவனிப்பாள்.

அம்மா விஷயம் இதைவிடக் கஷ்டம். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு புடவையிலிருந்து சுடிதாருக்கு மாறியவர் அவர். உட்காராமல் பேன்ட்டில் கால் நுழைக்க முடியாது. உள்ளே நாற்காலி இல்லை, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, நானும் கூடப் போனால் இரண்டு பேர் திரும்பக்கூட இடமில்லை. கேட்டால் பில்லிங் கவுண்டரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தார்கள், அதை உள்ளே போட்டதும் கதவு மூடவில்லை. கடைசியில் மேல் டாப்பை மட்டும் போட்டிருந்த துணிக்கு மேலேயே போட்டுப் பார்த்துவிட்டு வந்தோம். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அந்த மாடியில் வழியே கிடையாது. சக்கர நாற்காலி முழுதாகத் திரும்பச் சுமார் ஒன்றரை மீட்டர் விட்டத்துக்கு இடம் வேண்டும். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அணுகும் வசதியைத் தனியார் கடைக்கும் சேர்த்துத்தான் கேட்கிறது. எல்லா அறையையும் இடிக்கச் சொல்லவில்லை. மாடிக்கு ஒன்று, அகலமாக, உட்காரப் பலகையோடு, முழுக் கதவோடு, ஆண் பெண் என்று எழுதாமல் இருந்தால் வயதானவர்களுக்கு ஆகும், கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு ஆகும், சின்னப் பெண் குழந்தையை அழைத்து வருகிற அப்பாவுக்கு ஆகும், எந்தப் பக்கம் போனாலும் யாராவது முறைப்பார்களோ என்று தயங்கி நிற்கிற திருநங்கைகளுக்கும் ஆகும்.

ஜென்ட்ஸ் மாடியில் கதையே வேறு. அங்கே அறை காலியாகத்தான் இருக்கிறது, சட்டையைப் பிரிக்க விடமாட்டார்கள். பிரித்தால் திரும்ப மடித்து ஊசி குத்த ஆள் வேண்டும் என்பதால், உங்க சைஸ் என்ன சார் என்று கேட்டுக் கட்டிவிடுவதிலேயே குறியாக இருக்கிறார்கள். ஃபார்மல் சட்டையில் 38, 39, 40, 42 என்று போடுவது காலர் அளவு, சென்டிமீட்டரில். அது கழுத்துக்குச் சரி, வயிற்றுக்கும் கை நீளத்துக்கும் எந்த உறுதியும் கிடையாது, அதிலும் ஸ்லிம் ஃபிட், ரெகுலர் ஃபிட் என்று வந்த பிறகு ஒரே 40 இரண்டு விதமாக இருக்கிறது. பிரிக்கக் கூடாது என்றால் ஒவ்வொரு சைஸிலும் போட்டுப் பார்க்க ஒரு சாம்பிள் சட்டை வைத்திருக்க வேண்டும். சில கடைகளில் வைத்திருக்கிறார்கள், தயங்காமல் கேளுங்கள். பேன்ட்டுக்கு இடுப்புப் பட்டையைக் கழுத்தில் சுற்றிப் பார்த்து, சரியா இருக்கும் சார் என்று சொல்வதை நம்பி எடுக்காதீர்கள், எல்லா உடம்பும் அந்தக் கணக்குக்குள் வராது. தொடைக்கும் உட்காரும்போது பின்பக்கம் இறங்குவதற்கும் கழுத்து எந்தப் பதிலும் சொல்லாது.

வேளச்சேரி ஃபீனிக்ஸ், ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ மாதிரி மால்களில் இருக்கிற பெரிய செயின் கடைகளில் அறை நன்றாக இருக்கிறது, இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். முழுக் கதவு, மூன்று கொக்கி, உட்கார ஒரு திண்டு, சுத்தமான தரை. எத்தனை பீஸ் என்று எண்ணி டோக்கன் கொடுக்கிறார்கள், எடுக்காததை வெளியே கம்பியில் மாட்டிவிட்டு வரலாம், ஏன் எடுக்கவில்லை என்று யாரும் முகம் சுளிப்பதில்லை. மகளுக்கு அதனாலேயே மால்தான் பிடிக்கிறது. நானும் புரிந்துகொள்கிறேன். நம் பக்கத்துக் கடைகளில் நான்கு போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் வெளியே வந்தால் சேல்ஸ்மேன் முகம் மாறுகிறது, அந்த முகத்துக்குப் பயந்தே பொருந்தாத ஒன்றை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் எத்தனை பேர்! போட்டுப் பார்ப்பது வாங்குகிறேன் என்று கொடுத்த வாக்கு இல்லை, இதைக் கடைக்காரர்களும் புரிந்துகொள்ள வேண்டும், நாமும் கூச்சப்படாமல் இருக்க வேண்டும்.

மாலில் எனக்கு ஒத்துவராதது வெளிச்சம். தலைக்கு நேர்மேலே ஒரு விளக்கு, அது கண்ணுக்குக் கீழேயும் வயிற்று மடிப்பிலும் நிழலைக் கொட்டுகிறது, நல்ல உடம்புள்ள பெண்கூடத் தன்னைப் பார்த்து மனசு விட்டுப்போய் வெளியே வருவாள். சில இடங்களில் மஞ்சள் விளக்கு, அதில் எல்லாம் அழகாகத்தான் தெரியும், வீட்டு ட்யூப்லைட்டில் பார்த்தால் அந்த மெரூன் பழுப்பாக இருக்கும். நேவி ப்ளூவும் கறுப்பும் கடைக்குள் ஒன்றாகவே தெரியும். கண்ணாடியைச் சற்றுச் சாய்த்து வைத்திருந்தால் ஆள் நெடுநெடுவென்று தெரிவார். பட்டுப்புடவைக் கடையில் பெரியவர்கள், கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுங்க என்று வாசல் வரை கொண்டுபோய்ப் பார்ப்பார்களே, அந்தப் பழக்கத்தை ரெடிமேடுக்கும் விடாதீர்கள். ஊழியர் ஒருவரை அழைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்ப் பார்க்கிறேன் என்றால் பெரும்பாலும் விடுகிறார்கள்.

சைஸ் குழப்பத்தால்தான் ட்ரையல் ரூம் இவ்வளவு அவசியமாகிறது. குர்தியில் பொதுவாக எஸ் என்றால் 36, எம் 38, எல் 40, எக்ஸ்எல் 42 என்று இரண்டிரண்டு அங்குலமாக ஏறும், ஆனால் அந்த 38 துணியின் அளவா உடம்பின் அளவா என்பதிலேயே கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு. வெளிநாட்டு பிராண்டில் எம் சரியாக இருக்கிற என் மகளுக்கு உள்ளூர் பிராண்டில் எக்ஸ்எல் வேண்டியிருக்கிறது, அது அவள் தப்பு இல்லை. நம் உடம்புக்கென்று ஓர் அளவு அட்டவணை உருவாக்க ‘இந்தியா சைஸ்’ என்று நிஃப்ட் (மத்திய அரசின் ஃபேஷன் கல்வி நிறுவனம்) ஒரு திட்டம் எடுத்தது. 15 முதல் 65 வயது வரை 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளப்பது என்று திட்டம், அதற்கு எடுத்த ஊர்கள் டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங். சென்னை அந்தப் பட்டியலில் இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்த அளவு கடைக்கு வந்து எல்லா லேபிளிலும் ஏறும்வரை போட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

போட்டதும் கண்ணாடி முன் நேராக நின்று பார்த்துவிட்டுக் கழற்றிவிடாதீர்கள். பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது போலக் கையைத் தூக்குங்கள், கைக்குழி பிடித்தால் உடனே தெரியும். ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் கையை முன்னால் நீட்டிப் பார்க்க வேண்டும், முதுகு இழுக்கும் இடம் அதுதான். ஜீன்ஸ் என்றால் ஒருமுறை குந்தி எழுங்கள். குர்தியில் பக்கத் திறப்பு, அதாவது ஸ்லிட், ஆரம்பிக்கும் இடம் இடுப்பெலும்புக்கு மேலே போனால் நடக்கும்போதெல்லாம் இழுத்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உள்பக்கம் திருப்பித் தையலில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள், விட்டிருந்தால் பின்னால் பிரித்து விடலாம், ஓரம் பிரியாமல் போடுகிற ஓவர்லாக் தையலை ஒட்டி வெட்டியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. பிடித்துத் தைப்பது எப்போதும் சுலபம். காட்டனும் ரேயானும் முதல் தண்ணீரில் சுருங்கும், கச்சிதமாக இருக்கிறதே என்று நீளத்தில் இடம் விடாமல் எடுத்தால் போச்சு. பின்பக்கத்தைக் காட்ட இரண்டாவது கண்ணாடி எங்கேயும் இருப்பதில்லை, கூட வந்தவரை போனில் ஒரு படம் எடுக்கச் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் ஏன் அங்கேயே பார்க்க வேண்டும் என்றால், பில்லில் சின்ன எழுத்தில் இருக்கிற அந்த வரிக்காகத்தான். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. பொருளில் குறை இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது, 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். ஆனால் சைஸ் சரியில்லை என்பது குறைக் கணக்கில் வராது. கடைக்காரர் மனசு வைத்தால்தான் மாற்றித் தருவார். அதனால்தான் இரண்டு அறையில் அட்டைப்பெட்டி அடுக்கிய கடை மேல் எனக்கு இவ்வளவு கோபம்: போட்டுப் பார்க்கவும் இடமில்லை, திரும்பவும் எடுக்கமாட்டோம் என்றால் பொருந்தாத துணியின் நஷ்டம் முழுக்க நம் தலையில்தான் விழுகிறது. 2020இல் கொரோனாவுக்காக ட்ரையல் ரூமை மூடியதற்கு ஒரு நியாயம் இருந்தது. இன்றும் தள்ளுபடி சீசன் வந்தால் ட்ரையல் இல்லை என்று பேப்பர் ஒட்டுகிற கடைகளுக்கு எந்த நியாயமும் இல்லை.

கேமரா பயம் பற்றியும் சொல்லியாக வேண்டும், மகளை அனுப்பும்போது எனக்கே மனசு அடித்துக்கொள்ளும். 2015 ஏப்ரலில் கோவாவில் ஒரு துணிக்கடையில், உடை மாற்றும் அறைப் பக்கம் கேமரா இருந்ததை அப்போது மத்திய அமைச்சராக இருந்த ஸ்மிருதி இரானி கண்டுபிடித்துப் புகார் ஆனது பலருக்கு ஞாபகம் இருக்கும். பின்னாலிருந்து ஆள் பார்க்கிற கண்ணாடியா என்று கண்டுபிடிக்க, கண்ணாடியில் விரலை வைத்து இடைவெளி பார்க்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதை நம்பி இருந்துவிட வேண்டாம், கண்ணாடி எந்தப் பக்கம் பூசப்பட்டிருக்கிறது என்பதைத்தான் அது காட்டும். போன் டார்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, பக்கத்தில் கையைக் குவித்து உற்றுப் பார்த்தால் பின்னால் அறை இருந்தால் தெரியும். அதைவிட முக்கியம் மேலே பார்ப்பது. பலகைத் தடுப்பு கூரைவரை போகாத அறைகளில் கடையின் சாதாரண கண்காணிப்பு கேமராவே உள்ளே பார்க்கிற கோணத்தில் இருக்கலாம். சந்தேகம் வந்தால் மாற்றாமல் வெளியே வந்து மேனேஜரைக் கூப்பிடுங்கள், சரிவரவில்லை என்றால் 100 அல்லது 112. பெண்ணை இப்படி ஒளிந்து பார்ப்பதும் படம் எடுப்பதும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவின்படி குற்றம், முதல் தடவைக்கே குறைந்தது ஓர் ஆண்டு, அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை.

இப்போது நாங்கள் அதிகம் போவது பாண்டி பஜாரை ஒட்டிய குறுக்குத் தெருவில் இருக்கிற ஒரு சின்ன ரெடிமேட் கடைக்கு. கணவன் மனைவி இருவரும் நடத்துகிறார்கள், பெண்களுக்கு மட்டும். ட்ரையல் ரூம் ஒன்றே ஒன்று. ஆனால் ஆறடிக்கு ஐந்தடி இருக்கும், சுவரில் ஆணியடித்த மரக்கட்டையில் வரிசையாகக் கொக்கிகள், ஒரு மர ஸ்டூல், டேபிள் ஃபேன், கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் நெடுக ட்யூப்லைட், முகத்தில் நிழலே விழாது. ஒரு மூலையில் மூடி போட்ட டப்பா, குண்டூசி போட. என் அம்மா போனால் கடைக்கார அம்மாவே வந்து, “உக்காருங்கம்மா, மெதுவா போடுங்க, கூட்டம் ஒண்ணும் இல்ல” என்பார். கை நீளம், பக்கத் தையல் எல்லாம் வாசலில் மிஷின் போட்டிருக்கிற டெய்லர் அங்கேயே அளந்து தைத்துத் தருகிறார், திரும்பவும் உள்ளே போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தால் போதும். பெரிய கடையைவிடக் கொஞ்சம் விலை கூடத்தான், டிசைனும் குறைவு, மகளுக்கு அங்கே ஜீன்ஸ் கிடைக்காது. ஒரே அறை என்பதால் சனி, ஞாயிறு சாயங்காலம் போனால் காத்திருக்க வேண்டும், வார நாளில் மதியத்துக்கு முன்னால் போங்கள். கிரெடிட் கார்டு எடுப்பதில்லை, ஜிபே உண்டு.